முள்ளம்பன்றிகள் ஜெயித்த புதன்கிழமை

வெஸ்ட் ஹாலோ பல்கலைக்கழகத்தில் ஒரு நூலகமும் உண்டு. மைதானத்தின் வடக்கு வாசலுக்குப் பின்னால் போனால் கண்டுபிடித்துவிடலாம். போட்டி நாட்களில் அதன் படிக்கட்டில் சாஸேஜ் சுட்டு விற்பார்கள் என்பதால் அன்றைக்கு மட்டும் அங்கே நிற்க இடம் இருக்காது. அயோவா மாநிலத்திலேயே இவ்வளவு பேர் தேடி வரும் நூலகம் வேறு கிடையாது என்று பல்கலைக்கழகத் தலைவர் முனைவர் லோரெய்ன் விட்காம்ப் போகிற மேடையில் எல்லாம் சொல்லுவார். கைதட்டுவார்கள்.

இப்பேர்ப்பட்ட இடத்துக்குத்தான் ஆர்லோ டெக்கர் படிக்க வந்து சேர்ந்தான். தப்பு அவன்மேல்தான். அவனுக்கு உதவித்தொகை கொடுத்தது அமெரிக்கக் கால்பந்து ஆட. அவனாக ஒரு ஆசையை மனதில் வைத்துக்கொண்டு வந்ததற்குப் பல்கலைக்கழகம் பொறுப்பாகாது. அவனுடைய அப்பா மாநிலத்தின் வடக்கு மூலையில் பால்மாடு வைத்திருந்தார். ஒரு பனிக்காலத்தில் கன்று வயிற்றுக்குள் திரும்பிக்கொண்டு, டாக்டர் வந்து சேருவதற்குள் பசு கண்ணெதிரே செத்துப்போனது. அந்த வட்டாரத்துக்கே ஒரே ஒரு மாட்டு டாக்டர், அவரும் கிழவர். அன்றே ஆர்லோ முடிவு செய்துவிட்டான். கால்நடை மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்க அவனுக்கு இன்னும் இரண்டு பாடங்கள்தான் பாக்கி. இந்தப் பருவத்தில் மாட்டு உடற்கூறு, அடுத்த பருவத்தில் உடலியங்கியல்.

அணிக்கு 'முள்ளம்பன்றிகள்' என்று பெயர். அதில் ஆர்லோவின் வேலை என்ன என்று சொல்லிவிட வேண்டும். இந்த ஆட்டத்தில் பந்தைப் பத்து கெஜம் முன்னே கொண்டுபோக நாலு முயற்சி தருவார்கள். மூன்றில் முடியாமல் போனால், நாலாவதிலும் துணிந்து முட்டிப் பார்க்கலாம். அல்லது பந்தைத் தூரமாக உதைத்து, இந்தா நீயே வைத்துக்கொள் என்று எதிரணியிடம் கொடுத்துவிடலாம். அப்படி உதைக்கும்போது ஒருவன் குனிந்து நின்று, தன் கால்களுக்கு நடுவே பந்தைப் பின்னால் நிற்கிற உதைப்பவனுக்கு எறிவான். அவன்தான் ஆர்லோ. அவன் எறிவதை யாரும் பார்க்க மாட்டார்கள். தவறாக எறிந்தால் மட்டும் ஊரே பார்க்கும்.

தலைமைப் பயிற்சியாளர் வேட் ஸ்டக்கி தன் பணிக்காலத்தில் ஒருமுறைகூட நாலாவது முயற்சியில் முட்டிப் பார்த்தவர் இல்லை. அவருடைய கணக்கு தெளிவானது. முட்டித் தோற்றால் பயிற்சியாளர் முட்டாள் என்பார்கள். உதைத்துக் கொடுத்துவிட்டுத் தோற்றால் பையன்கள் சரியில்லை என்பார்கள். ஆகவே உதைத்தார்கள். போட்டிக்குப் போட்டி உதைத்தார்கள். அந்தப் பருவத்தில் அணியிலேயே இடுப்பு ஒடிய உழைத்தவன் ஆர்லோ ஒருவன்தான்.

ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் ஸ்டக்கி உடைமாற்றும் அறையில் உரை நிகழ்த்துவார்.

"இதை நான் தோல்வின்னு சொல்ல மாட்டேன்டா பசங்களா. அவங்க நம்மளைவிடக் கொஞ்சம் அதிகமா புள்ளி எடுத்தாங்க, அவ்வளவுதான். அதைத் தவிர எல்லாத்துலயும் நாமதான் ஜெயிச்சோம். பஸ்ஸுல எப்படி உக்காந்து வந்தீங்க! ஒருத்தன் கத்தினானா? அந்த ஒழுக்கம் இருக்கே, அதைப் புள்ளிப் பலகைல போட மாட்டாங்க."

பையன்கள் ஒழுக்கமாகத் தலையாட்டினார்கள்.

வீரர்களின் படிப்பைக் கவனிப்பதற்கென்று கண்ணாடிச் சுவரும் செயற்கை அருவியும் வைத்த தனிக் கட்டடம் ஒன்று இருந்தது. அங்கே ஆலோசகராக இருந்த கெண்ட்ராவிடம்தான் பருவத் தொடக்கத்தில் ஆர்லோ போய் நின்றான்.

"மாட்டு உடற்கூறா?" கெண்ட்ரா எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "யாராவது உன்னை வற்புறுத்தறாங்களா கண்ணா? தைரியமா சொல்லு, வெளிய போகாது."

"இல்லீங்க, எனக்கே ஆசை. மாட்டு டாக்டர் ஆகணும்."

"எல்லாருமே வரும்போது டாக்டர், வக்கீல்னுதான் வர்றாங்க. நாங்கதான் பொறுமையா பேசி உல்லாச மேலாண்மைக்கு மாத்தி விடறோம். தங்கமான படிப்பு. மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிடும். போன வருஷம் நம்ம பையன் ஒருத்தன் சுற்றுலாப் படகைப் பத்தி ஆராய்ச்சியே பண்ணினான்."

"படகுல போனானா?"

"படம் பாத்தான்."

"புதன்கிழமை ரெண்டு மணிக்கு லேப் இருக்குங்க. அன்னைக்கு ஒரு நாள் மட்டும்…"

"ரெண்டு மணிக்குப் பயிற்சி ஆச்சே. மாட்டைக் காலைல அறுக்கச் சொல்லட்டுமா? நம்ம ஆபீஸ்லேர்ந்து ஒரு வார்த்தை சொன்னா இங்க யாரும் தட்ட மாட்டாங்க."

தட்டுவதற்கு ஒருத்தர் இருந்தார். உடற்கூறு நடத்திய பேராசிரியர் மார்கிட் ஓப்ஸ்டாலுக்கு முள்ளம்பன்றிகள் என்று ஓர் அணி இருப்பதே தெரியாது. தெரிந்தபோது, அது உணவுச் சங்கிலியில் எங்கே வருகிறது என்று கேட்டார்.

ஆர்லோ வேறு வழி கண்டுபிடித்தான். புதன்கிழமைப் பயிற்சியில் பந்தெறிபவர்களையும் உதைப்பவர்களையும் மைதானத்தின் ஒரு மூலையில் நிறுத்திவிட்டு மறந்துவிடுவார்கள். அவன் அந்த மூலையிலிருந்து மெல்ல நகர்ந்து, வேலியைத் தாண்டி, கார் நிறுத்துமிடத்தைக் கடந்து லேப்புக்குப் போய் வந்துகொண்டிருந்தான். ஒருவரும் கவனிக்கவில்லை. அவன் சந்தோஷமாக இருந்தான். ஒரு பசுவின் நாலு இரைப்பைகளையும் அவன் தன் அணியின் பத்துத் தோல்விகளையும்விட நன்றாக அறிந்திருந்தான்.

ஆனால் இந்தப் பல்கலைக்கழகத்தில் வீரர்கள் வகுப்புக்குப் போகிறார்களா என்று ஒளிந்து பார்க்க ஆள் வைத்திருந்தார்கள். அந்த மனிதர் சின்ன பேட்டரி வண்டியில் சுற்றி வந்து, ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, ஆள் இல்லை என்று குறித்துக்கொண்டு போவார். அவர் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ஒரு வீரனையும் வகுப்பில் பார்த்ததில்லை. நவம்பர் தொடக்கத்தில் ஒரு புதன்கிழமை வழக்கம்போல் எட்டிப் பார்த்தவர், ரப்பர் கையுறையோடு மாட்டின் மண்ணீரலைப் பிடித்துக்கொண்டிருந்த ஆர்லோவைக் கண்டு வண்டியை நேராகப் பூச்செடிக்குள் விட்டுவிட்டார்.

ஸ்டக்கி அவனைக் கூப்பிட்டனுப்பினார்.

"உன்மேல ஒரு புகார் வந்திருக்குடா தம்பி. வகுப்புல இருந்தியாமே?"

"ஆமா கோச்."

"எவ்வளவு நாளா நடக்குது இது?"

"ஆகஸ்ட்லேர்ந்து கோச்."

ஸ்டக்கி நாற்காலியில் மெதுவாகச் சாய்ந்தார். "உங்கப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியும். அவருதான் படிக்கச் சொன்னாரு."

"நான் ஒண்ணும் படிப்புக்கு எதிரி இல்லை. எங்க வீட்டுலயே புத்தகம் இருக்கு. ஆனா ஒருத்தன் படிக்கப் போனா இன்னொருத்தனுக்கும் தோணும். அவனைப் பாத்து இன்னொருத்தன். அப்புறம் இந்தப் பல்கலைக்கழகம் என்ன கதிக்கு ஆளாகும், யோசிச்சியா?"

ஆர்லோ யோசிப்பதற்குள் தொலைபேசி அடித்தது. தலைவர் விட்காம்ப். பருவத்தின் கடைசிப் போட்டியைத் தொலைக்காட்சியில் காட்டப் போகிறார்கள், இடைவேளையில் போட நெஞ்சைத் தொடுகிற மாதிரி ஏதாவது கேட்கிறார்கள், படிக்கிற வீரன் எவனாவது இருந்தால் நன்றாக இருக்கும், இல்லாவிட்டால் ஒரு நடிகனை ஏற்பாடு செய்ய வேண்டும் என்றார். ஸ்டக்கி எதிரே நிற்கிற குற்றவாளியைப் பார்த்தார். மண்ணீரல் புகார் அந்த நொடியில் சாதனையாகிவிட்டது.

மறுநாளே படம் பிடித்தார்கள். விளம்பரத் துறையினர் பல் மருத்துவமனையிலிருந்து ஒரு வெள்ளைக் கோட்டு இரவல் வாங்கி அவனுக்கு மாட்டிவிட்டார்கள். மாட்டு மண்டையோட்டுக்கு முகம் சப்பையாக இருக்கிறது, களையில்லை என்று ஒரு குதிரை மண்டையோட்டைக் கையில் கொடுத்தார்கள். அதை அன்போடு பார்க்கச் சொன்னார்கள். ஆர்லோ இது குதிரை என்றான். பார்க்கிறவர்களுக்கு அது தெரியப்போவதில்லை, கொஞ்சம் சிரி என்றார்கள்.

விருதுக்கு 'அறிவு வீரர்' என்று பெயர் வைத்தார் விட்காம்ப். கடைசிப் போட்டியின் இடைவேளையில், நடு மைதானத்தில், அவரே தன் கையால் கொடுப்பார். அந்தப் போட்டி வழக்கப்படி சனிக்கிழமை நடக்க வேண்டியது. ஆனால் சனிக்கிழமைகளில் தொலைக்காட்சிக்குக் காட்டுவதற்கு ஆடத் தெரிந்த அணிகள் இருந்தன. வேறு எதுவும் இல்லாத ஒரு புதன்கிழமை மாலையை முள்ளம்பன்றிகளுக்கு ஒதுக்கினார்கள். ஆர்லோவின் உடற்கூறு செய்முறைப் பரீட்சையும் அதே புதன்கிழமை மாலைதான்.

அவன் தலைவரையே போய்ப் பார்த்தான்.

"மேடம், விருது குடுக்கற நேரத்துல எனக்குப் பரீட்சை இருக்கு. அதை எழுதலைன்னா நான் ஃபெயில். திரும்ப ரெண்டு வருஷம் கழிச்சுதான் இந்தப் பாடம் நடத்துவாங்க. அதுக்குள்ள என் உதவித்தொகை முடிஞ்சிடும்."

விட்காம்புக்குக் கண் கலங்கிவிட்டது. "எவ்வளவு அழகா இருக்கு! இதையும் என் பேச்சுல சேத்துக்கறேன். பரீட்சையையே விட்டுட்டுப் படிப்புக்கான விருதை வாங்க வந்திருக்கான்னு சொன்னா கூட்டம் எழுந்து நிக்கும்."

"பரீட்சையைத் தள்ளி வெக்க முடியுமா மேடம்?"

"வகுப்பெல்லாம் அன்னைக்கு ரத்துதானேப்பா. கார் நிறுத்த இடம் வேணுமே! அறிவை நாலு சுவத்துக்குள்ள அடைக்கக் கூடாதுங்கறதுதான் எங்க கொள்கை. அந்த நாலு சுவத்துக்கு வெளிய இருக்கற இடத்தை அன்னைக்கு வண்டிக்கு விட்டிருக்கோம்."

பேராசிரியர் ஓப்ஸ்டால் ரத்து செய்ய மறுத்துவிட்டார்.

"செத்த மாடு டிவிக்காரங்களுக்காகக் காத்திருக்காது டெக்கர். வியாழக்கிழமை வெச்சுக்கிட்டா மூக்கைப் பொத்திக்கிட்டு நீங்க எல்லாரும் ஓடிடுவீங்க. உன் பேரைக் கடைசியாப் போட்டுக்கறேன், அவ்வளவுதான் முடியும். உங்க ஆட்டத்துல நடுவுல ஏதோ விடுவாங்களாமே, அப்ப வா. கதவைச் சாத்தினப்புறம் வந்து நின்னா நான் திறக்க மாட்டேன்."

அந்தப் புதன்கிழமையும் வந்தது. முதல் பாதி வழக்கம்போல் போயிற்று. முள்ளம்பன்றிகள் மூன்றுமுறை முட்டினார்கள், நாலாவதில் உதைத்தார்கள். ஆர்லோ குனிந்தான், எறிந்தான், நிமிர்ந்தான், திரும்பக் குனிந்தான். இடைவேளைக்கான விசில் ஊதியதும் வாத்தியக் குழு மைதானத்துக்குள் நுழைந்தது. விளம்பரத் துறைப் பெண் ஒருத்தி வெள்ளைக் கோட்டோடும் குதிரை மண்டையோட்டோடும் மைதானத்தின் ஓரத்தில் காத்திருந்தாள். ஆர்லோ அவளைப் பார்த்தான். அப்புறம் திரும்பி, தலைக்கவசமும் தோள்காப்பும் சேர்ந்த அந்த முழுக் கோலத்தோடு வெளிவாசலை நோக்கி ஓடினான்.

கார் நிறுத்துமிடத்தில் அடுப்பு மூட்டி இறைச்சி சுட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர் அவனை நிறுத்தி, "மைதானம் அந்தப் பக்கம்டா தம்பி," என்று பரிதாபமாகக் கை காட்டினார்.

"பரீட்சைக்குப் போறேங்க."

"அடப் பாவமே. அவ்வளவு மோசமாவா ஆடறீங்க?"

லேப் கதவைச் சாத்தப் போன ஓப்ஸ்டால் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "தலைக்கவசத்தைக் கழட்டு. இந்த மாடு இனிமே முட்டாது."

உறுப்புகளில் வண்ண ஊசிகள் குத்தியிருந்தன. ஒவ்வொன்றாகக் காட்டினார், அவன் சொல்லிக்கொண்டே போனான். ஜன்னலுக்கு வெளியே ஒலிபெருக்கியில் அவன் பெயர் கேட்டது. படிப்பின்மேல் தீராத காதல் கொண்ட ஆர்லோ டெக்கரை நடு மைதானத்துக்கு அழைக்கிறோம் என்றார்கள். இரண்டாம் முறை அழைத்தார்கள். மூன்றாம் முறை அழைத்த குரலில் எரிச்சல் இருந்தது.

"உன்னையா கூப்பிடறாங்க?" என்றார் ஓப்ஸ்டால்.

"ஆமாங்க மேடம். நல்லா படிக்கறதுக்கு விருது."

"போகணும்னா போ. இதுவரைக்கும் சொன்னது பாஸ் ஆகப் போதாது. கடைசிக் கேள்வி பாக்கி இருக்கு. இது சினையாச் செத்த மாடு. கண்ணால பாக்காம, கையை உள்ள விட்டுக் கன்னு எப்படிக் கிடக்குதுன்னு சொல்லணும்."

இரண்டாம் பாதி தொடங்குகிற சத்தம் கேட்டது. திரும்பிப் போகாவிட்டால் உதவித்தொகை போய்விடும், போனால் பரீட்சை போய்விடும். ஆர்லோ சட்டையைத் தூக்கித் தோள்காப்பைக் கழற்றித் தரையில் போட்டுவிட்டு, தோள்வரைக்கும் கையை உள்ளே விட்டான். விரலில் குளம்பு தட்டியது. பின்னங்கால். கன்று திரும்பிக் கிடந்தது. எப்படிப் பிடித்து எப்படித் திருப்பினால் தாயும் பிழைக்கும், கன்றும் பிழைக்கும் என்பது இப்போது அவன் கைக்குத் தெரிந்தது. அவனுக்கு அழுகை வந்தது. ஓப்ஸ்டால் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "சரி," என்று மட்டும் சொன்னார். அவரிடம் அது பெரிய பாராட்டு.

மைதானத்தில் விருதை என்ன செய்வதென்று தெரியாமல் விட்காம்ப், முள்ளம்பன்றி வேஷம் போட்டுக்கொண்டு குதித்துக்கொண்டிருந்த ஆளிடம் கொடுத்துவிட்டார். அறிவின் சார்பாக அவர் பெற்றுக்கொண்டார்.

இரண்டாம் பாதியில் முதல் நாலாவது முயற்சி வந்தபோதுதான் ஆர்லோ இல்லை என்பது ஸ்டக்கிக்குத் தெரிந்தது. தடுப்பாட்டக்காரன் ஒருவனைக் குனிய வைத்தார்கள். அவன் எறிந்த பந்து உதைப்பவன் தலைக்கு மேல் பறந்து, பின்கோட்டைத் தாண்டி, அங்கே உட்கார்ந்திருந்த வாத்தியக் குழுவின் பெரிய பித்தளை ஊதுகுழலுக்குள் போய் உட்கார்ந்தது. எதிரணிக்குப் புள்ளிகள். ஸ்டக்கிக்கு முகம் வெளுத்துவிட்டது. இனி உதைக்க முடியாது. வேறு வழியே இல்லாததால், பணிக்காலத்தில் முதன்முறையாக நாலாவதிலும் முட்டச் சொன்னார். சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

பையன்கள் முட்டினார்கள், பத்து கெஜம் கிடைத்துவிட்டது. அடுத்த முறையும் கிடைத்தது. இத்தனை நாள் தங்களை யாரும் இப்படிக் கேட்டதே இல்லை என்பதுபோல ஆடினார்கள். முள்ளம்பன்றிகள் ஜெயித்துவிட்டார்கள். கூட்டம் மைதானத்துக்குள் புகுந்து கோல் கம்பங்களைப் பிடுங்கிக்கொண்டு போய் ஆற்றில் போட்டது.

பத்திரிகையாளர்கள் ஸ்டக்கியைச் சூழ்ந்துகொண்டார்கள். இவ்வளவு துணிச்சல் இத்தனை வருஷம் எங்கே போயிருந்தது என்று ஒருவர் கேட்டார்.

"இந்த ஒரு நாளுக்காகத்தான் சார் பன்னெண்டு வருஷமா உதைச்சுக்கிட்டிருந்தேன். எதிரியை நம்ப வெக்கணும் இல்லையா? ஒரு வாரம் ரெண்டு வாரம் தோத்தா நம்ப மாட்டான்."

"பந்தெறியற பையன் காணாமப் போயிட்டானாமே?"

ஸ்டக்கியின் முகத்தில் புன்னகை விரிந்தது. "அவன் இல்லாம இருந்ததுதான் திட்டமே."

மறுநாள் ஆர்லோ பெட்டியைக் கட்டி வைத்துவிட்டுத்தான் ஸ்டக்கியின் அறைக்குப் போனான். ஸ்டக்கி எழுந்து வந்து அவனைக் கட்டிக்கொண்டார். உதவித்தொகை அடுத்த வருஷத்துக்கும் உண்டு என்றார். அணியில் அவனுக்கென்று ஒரு புதிய இடமே உருவாக்கியிருப்பதாகச் சொன்னார். போட்டிகளில் அவன் வராமல் இருக்க வேண்டும். அதுதான் வேலை.

ஆர்லோவுக்குத் தலைகால் புரியவில்லை. உடனே அப்பாவைக் கூப்பிட்டு, "இனிமே எனக்கு முழு நேரமும் படிப்புதாம்ப்பா," என்றான். அவர் நம்பாமல், யாராவது உன்னை ஏமாத்தறாங்களா பாரு என்றார்.

ஜனவரியில் உடலியங்கியல் வகுப்பு தொடங்கியது. அதையும் ஓப்ஸ்டால்தான் நடத்தினார். லேப் தினமும் இரண்டு மணிக்கு. முதல் நாள் மதியம் ஆர்லோ கையுறையோடு கார் நிறுத்துமிடத்தைக் கடந்துகொண்டிருந்தபோது, பேட்டரி வண்டி குறுக்கே வந்து நின்றது. அவனை ஏற்றிக்கொண்டு போய் ஸ்டக்கி முன்னால் நிறுத்தினார்கள்.

"ரெண்டு மணிக்குப் பயிற்சி ஆச்சே, எங்கடா கிளம்பிட்டே?"

"நான் வராம இருக்கணும்னுதானே சொன்னீங்க கோச்?"

"போட்டிக்கு. போட்டியில வராம இருக்கணும்னா அதுக்குப் பயிற்சி வேண்டாமா? போன தடவை குருட்டாம்போக்குல நல்லா அமைஞ்சுது. எல்லா நாளும் அப்படி அமையுமா? புதுசா உதவிப் பயிற்சியாளர் ஒருத்தரையே போட்டிருக்கேன், வராம இருக்கறதுக்குன்னு. டெக்ஸாஸ்லேர்ந்து வந்திருக்காரு. கெட்டிக்காரர்."

"லேப்ல இருந்தா நான் இங்க வராமத்தானே கோச் இருப்பேன்?"

ஸ்டக்கி அவனைப் பொறுமையாகப் பார்த்தார். "அது சொல்லாம கொள்ளாம வராம இருக்கறது. அணி விதிப்படி அதுக்கு உடனே நீக்கம். உதவித்தொகையும் கட். நாம சொல்றது ஒழுங்கா, பயிற்சி எடுத்து, வராம இருக்கறது. ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியலைன்னா நீ என்னதான்டா படிச்சே?"

உடைமாற்றும் அறையை அடுத்து, ஜன்னல் இல்லாத ஓர் அறையை இதற்காகக் காலி செய்திருந்தார்கள். நடுவில் ஒரே ஒரு பெஞ்சு. ஆர்லோ அதில் உட்கார்ந்தான். டெக்ஸாஸ்காரர் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் கையில் விசிலோடு நின்றார். கொஞ்ச நேரம் கழித்து ஆர்லோ மெல்லப் பையைத் திறந்து உடலியங்கியல் புத்தகத்தை மடியில் வைத்தான். விசில் காதைக் கிழித்தது.

"புக்கை உள்ள வை. படிச்சா நீ இங்க இருக்கற மாதிரி தெரியுது. மொதல்லேர்ந்து ஆரம்பிப்போம்."

ஆர்லோ புத்தகத்தை மூடினான். கார் நிறுத்துமிடத்துக்கு அப்பால், லேப்பில், பேராசிரியர் ஓப்ஸ்டால் இந்நேரம் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுக்கொண்டு வருவார். அவன் பெயர் வரும்போது ஒருமுறை நிமிர்ந்து கதவைப் பார்ப்பார். பார்த்துவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவார். இதை நினைத்துக்கொண்டு அவன் அசையாமல், கண்ணைக்கூடச் சிமிட்டாமல், சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். அந்தச் சாயங்காலம் வரைக்கும் அப்படியே இருந்தான்.

டெக்ஸாஸ்காரர் கண்ணாடியைத் தட்டிக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

"அருமைடா தம்பி! இன்னைக்கு நீ சுத்தமா இல்லவே இல்லை. நாளைக்கும் ரெண்டு மணிக்குக் கரெக்டா வந்துடு."